ஆரோக்கியமாகத் தெரியும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு சீலியாக் நோய் இருக்கும்?

வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். வயது 21, மாலையில் கால்பந்து ஆடுகிறவர். சௌகார்பேட்டையில் வசிக்கும் அவருடைய வகுப்புத் தோழரின் குடும்பம் ராஜஸ்தானிலிருந்து வந்தது. அந்தத் தோழருக்கு சீலியாக் நோய் என்று அண்மையில் உறுதியாகியிருக்கிறது. “அவனும் எங்களோடு ஓடியாடுகிறவன்தான். வயிற்றுப்போக்கு இல்லை, மெலியவும் இல்லை. ரத்தசோகை மட்டும் இருந்தது. நன்றாக இருப்பதாகத் தெரியும் எங்கள் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு இப்படி இருக்கும்? நாங்கள் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? பரோட்டாவை நிறுத்திவிடலாமா?” என்பது அவர் கேள்வி.

தம்பி, விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட இந்தியாவில் கோதுமை உண்டு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர். நம் பக்கம் சோறு உண்டு வளர்ந்தவர்களில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்கிற அளவு. ஒரே நாட்டுக்குள் இத்தனை வித்தியாசம். சௌகார்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான், ஆனால் உங்கள் தோழருக்குப் பொருந்தும் எண் உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை. யார் செய்துகொள்ள வேண்டும், யார் கோதுமையை இப்போதைக்கு நிறுத்தவே கூடாது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வடசென்னையில் குடல் நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. இந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பவர்களைவிட, பாதி தெரிந்துகொண்டு தாங்களாகவே சப்பாத்தியை நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம்தான் எனக்குச் சிரமம் அதிகம்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மரபணு அமைப்பில் அதற்கு இடம் உள்ள சிலருக்கு, அந்தப் புரதம் குடலுக்குள் போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் கம்பளி விரிப்பின் இழைகளைப் போல நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. இரும்புச்சத்தும் கால்சியமும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். பாதிப்பு மிகுதியாக இருப்பதும் அங்கேதான். அதனால்தான் வயிறு ஒரு தொந்தரவும் காட்டாமல், உங்கள் தோழரைப் போல வெறும் ரத்தசோகையோடு ஒருவர் ஆண்டுக்கணக்கில் நடமாட முடிகிறது. இது கோதுமை அலர்ஜி அல்ல. பரோட்டா சாப்பிட்டால் வயிறு கனக்கிறது என்பதும் இது அல்ல.

இனி எண்ணிக்கை. அமெரிக்காவில் 2003இல் வெளியான பெரிய ஆய்வில், எந்த அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாதவர்களில் 133 பேருக்கு ஒருவருக்கு இது இருந்தது. அதே ஆண்டு பின்லாந்தில் 7 முதல் 16 வயது வரையிலான 3,654 பள்ளி மாணவர்களைச் சோதித்ததில் குறைந்தது 99 பேருக்கு ஒருவர். உலக ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2018இல் வந்த கணக்கில், ரத்தத்தில் இந்த நோய்க்குரிய ஆன்டிபாடி (உடல் தன் சொந்தத் திசுவுக்கு எதிராக உருவாக்கும் புரதம்) தென்பட்டவர்கள் 1.4 சதவீதம், குடலிலிருந்து திசு எடுத்துப் பார்த்து உறுதியானவர்கள் 0.7 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டில் முதலில் பஞ்சாபைப் பார்ப்போம். அங்கே 4,347 பள்ளி மாணவர்களை எடுத்துக்கொண்டு, வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, வளர்த்திக் குறைவு போன்ற அடையாளங்கள் உள்ளவர்களுக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். உறுதியானவர்கள் 14 பேர், அதாவது 310 பேருக்கு ஒருவர். அடுத்து, எய்ம்ஸ் மருத்துவமனையின் டாக்டர் கோவிந்த் மகாரியா குழுவினர் தில்லி வட்டாரத்தில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறி இல்லாதவர்களிலும் ஒரு பகுதியினரைச் சேர்த்துச் சோதித்ததில் 96 பேருக்கு ஒருவர். பஞ்சாபில் நோய் குறைவு, தில்லியில் அதிகம் என்று இதற்குப் பொருள் இல்லை. அறிகுறி இருப்பவர்களிடம் மட்டும் தேடினால் அறிகுறி இல்லாதவர்கள் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. உங்கள் கேள்வி ஆரோக்கியமாகத் தெரிகிறவர்களைப் பற்றியது என்பதால், எங்கே எண்ணினார்கள் என்பதோடு எப்படி எண்ணினார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நமக்கு நேரடியாக உதவும் ஆய்வு 2016இல் வந்தது. டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா முதன்மை ஆசிரியர். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான பெரியவர்களைச் சோதித்தார்கள். தெற்கில் மட்டும் கிட்டத்தட்ட 9,000 பேர். ஆயிரம் பேருக்கு வடக்கில் 8.5 பேர், வடகிழக்கில் 4.7 பேர், தெற்கில் 0.11 பேர். நான் மேலே சொன்ன “பத்தாயிரத்துக்கு ஒருவர்” இதிலிருந்து வருவது.

தமிழர் உடலுக்கு இந்த நோய் வராது என்று இதைப் படித்துவிடக் கூடாது. அதே ஆய்வில் மரபணுவையும் பார்த்தார்கள். சீலியாக் வருவதற்கு டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை இருந்தாக வேண்டும். அது வடக்கில் 38 சதவீதம் பேரிடமும், வடகிழக்கில் 31 சதவீதம் பேரிடமும், தெற்கில் 36 சதவீதம் பேரிடமும் இருந்தது. வடக்குக்கும் நமக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தட்டில்தான் வேறுபாடு. ஒருவர் ஒரு நாளில் உண்ட கோதுமையின் சராசரி வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். நூறில் முப்பத்தாறு பேரிடம் விதை இருந்தும், அது முளைக்கும் அளவுக்கு நாம் கோதுமை உண்ணவில்லை என்பதுதான் எளிய விளக்கம். ஆனால் அது முழு விளக்கம் ஆகாது. வடகிழக்கில் கோதுமை 37 கிராம்தான், நம்மைவிடக் கொஞ்சமே அதிகம், ஆனாலும் நோய் அங்கே நம்மைப்போல் பல மடங்கு. சிறு வயதில் வரும் குடல் தொற்றுகள், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் என்று வேறு காரணங்களும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. மரபணு இருப்பவர்களிலும் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. எனவே ஜீன் டெஸ்ட் மட்டும் செய்து “எனக்கு டி.க்யூ.2 இருக்கிறது” என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. அந்த மரபணு இல்லை என்றால் சீலியாக் அநேகமாக இல்லவே இல்லை என்று சொல்லலாம். அந்தச் சோதனையின் பயன் அவ்வளவுதான்.

இப்போது நீங்களும் நண்பர்களும் பரிசோதனை செய்துகொள்ளும் விஷயம். அந்த ஆன்டிபாடியைத் தேடும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை நல்ல பரிசோதனைதான். நோய் இல்லாத நூறு பேரில் ஒருவருக்கு மட்டுமே தவறாக பாசிடிவ் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். வடக்கே பத்தாயிரம் பேரைச் சோதித்தால், உண்மையான நோயாளிகள் 85 பேர், தவறான பாசிடிவ் சுமார் 100 பேர். ஏறக்குறைய பாதிக்குப் பாதி, தேடுவதில் பலன் உண்டு. அதே பரிசோதனையை நம் பக்கம் பத்தாயிரம் பேருக்குச் செய்தால், உண்மையான நோயாளி ஒருவர், தவறான பாசிடிவ் நூறு பேர். பரிசோதனை அதேதான், ஆய்வுக்கூடமும் அதேதான், ஆனால் தாளில் “பாசிடிவ்” என்று வந்தால் இங்கே அதற்கு அநேகமாக ஒன்றும் பொருள் இல்லை. நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2016 ஆய்விலும் தெற்கில் ஆன்டிபாடி தென்பட்டவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர், நோய் என்று கணக்கானவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் இந்த டெஸ்டும் சேர்ந்து வந்து, மதிப்பு லேசாகக் கூடியிருப்பதைப் பார்த்து, எண்டோஸ்கோபி செய்யாமலேயே “ஆயுளுக்கும் கோதுமை கூடாது” என்று சொல்லப்பட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு கவளத்தையும் விசாரித்து உண்ணும் வாழ்க்கை அது. அதை ஒரு தாளை மட்டும் நம்பி யார் மீதும் சுமத்தக் கூடாது. பெரியவர்களுக்கு எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலின் தொடக்கத்தில் நான்கைந்து இடங்களில் திசு எடுத்துப் பார்ப்பதுதான் முறை. குழந்தைகளில் ஆன்டிபாடி அளவு இயல்பின் உச்ச வரம்பைப் போல் பத்து மடங்குக்கு மேல் இருந்து, வேறொரு ஆன்டிபாடிச் சோதனையும் அதை ஒத்துச் சொன்னால், திசு எடுக்காமல் முடிவு செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. அதையும் குழந்தைகளுக்கான குடல் நோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

“அறிகுறியே இல்லாதவருக்கு இருந்தால்தான் என்ன?” என்று அடுத்து கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் வாரன் விமானப்படைத் தளத்தில் 1948 முதல் 1954 வரை இளம் வீரர்களிடம் எடுத்த ரத்தத்தைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். ராணுவத்தில் சேரும் அளவுக்கு உடல் தகுதி உள்ள, இருபது வயதை ஒட்டியவர்கள். 9,133 பேரின் அந்தப் பழைய ரத்தத்தை அரை நூற்றாண்டு கழித்து மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். கண்டுபிடிக்கப்படாத சீலியாக் 0.2 சதவீதம். அவர்களிடையே 45 ஆண்டுகளில் இறப்பு மற்றவர்களைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். 0.2 சதவீதம் என்பது இருபது பேருக்கும் குறைவு, அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒன்றிரண்டு பேர் மாறினாலே விகிதம் ஆடிவிடும். 2010இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், 50 வயது கடந்த, நோய் தெரியாமலே இருந்தவர்களிடம் இறப்பு கூடவில்லை, எலும்பு அடர்த்தி மட்டும் குறைந்திருந்தது. என் கண் போவது விமானப்படை ஆய்வின் மற்றொரு பகுதி மீது. பிற்காலத்தில் எடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டபோது அந்த 0.2 சதவீதம் 0.8, 0.9 என்று ஆகியிருந்தது. ஐம்பது ஆண்டுகளில் மரபணு மாறாது. வாழும் முறையில் ஏதோ மாறி, நோய் நான்கு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. அமெரிக்காவில் நடந்தது சென்னையில் நடக்காது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஏனென்றால் நம் தட்டு மாறிக்கொண்டிருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் என்னிடம் வருகிற குடும்பங்களில், சர்க்கரை வந்த பெரியவருக்காக இரவில் சப்பாத்தி தொடங்கி, இப்போது வீடு முழுவதற்கும் அதுவே இரவுச் சாப்பாடு. ரேஷனில் கோதுமை. காலையில் ரவை அல்லது சேமியா உப்புமா. 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்திலும் ரவை, சேமியா, கோதுமை ரவை உண்டு. நல்ல திட்டம், பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு அது பெரிய உதவி, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மாலையில் பிஸ்கெட், ராத்திரி கடைப் பரோட்டா. 25 கிராம் என்ற சராசரி வடசென்னை இளைஞர் ஒருவருக்கு இன்று பொருந்துமா என்று நீங்களே ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். ஒரு பரோட்டாவில் 50 கிராம் மைதா என்றாலே இரண்டு பரோட்டாவில் கணக்கு நான்கு மடங்கைத் தொட்டுவிடுகிறது. இப்படிச் சொல்வதால் பரோட்டா சீலியாக்கைக் கொண்டுவரும் என்று ஆகாது. முப்பத்தாறு சதவீதம் பேர் மரபணுவோடு இருக்கும் ஓர் ஊரில் உணவு இப்படி மாறும்போது, மருத்துவர்கள் “இது வடக்கத்தி நோய்” என்று ஒதுக்கிவிட முடியாது என்பதுதான் நான் சொல்வது.

யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்? உங்கள் தோழரின் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் அனைவரும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். நெருங்கிய ரத்த உறவில் இது பத்துப் பதினைந்து பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. அவர் தங்கைக்கு இப்போது நெகடிவ் வந்தாலும் பின்னாளில் வரலாம் என்பதால், சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அடுத்து, இன்சுலின் போடும் முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகள், தைராய்டில் தன்னெதிர்ப்புக் கோளாறு உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள். பிறகு, காரணம் தெரியாமல் வளர்த்தி நின்றுபோன அல்லது பருவமடைதல் தள்ளிப்போன பிள்ளைகள், இளம் வயதிலேயே எலும்பு தேய்ந்தவர்கள், கல்லீரல் நொதிகள் கூடியிருந்தும் காரணம் பிடிபடாதவர்கள், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஏற்படும் பெண்கள்.

எல்லோரையும்விட எனக்குக் கவலை, இரும்பு மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாத இளம் பெண்களைப் பற்றித்தான். ரத்தசோகை நம் பெண்களிடம் அவ்வளவு பரவலாக இருப்பதால், “சரியாகச் சாப்பிடுவதில்லை, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை” என்று திட்டி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் மாதவிடாய், குறைவான உணவு, குடற்புழு என்றுதான் இருக்கும். ஆனால் மாத்திரை மூன்று மாதம் உண்மையாகவே உள்ளே போயும் எட்டு ஒன்பதுக்கு மேல் ஏறவில்லை என்றால், அந்த இரும்பு உறிஞ்சப்படுகிறதா என்று கேட்க வேண்டிய நேரம் அது. திட்டு வாங்க வேண்டியவள் அந்தப் பெண் அல்ல.

நம் பக்கம் சிறுகுடல் மழுங்கியிருப்பதற்கு சீலியாக் அல்லாத காரணங்களும் நிறைய உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜியார்டியா கிருமி, குடல் காசநோய், தென்னிந்தியாவில் வேலூர் மருத்துவர்கள் நெடுங்காலம் ஆராய்ந்த ட்ராபிக்கல் ஸ்ப்ரூ என்ற வெப்பமண்டலக் குடல் நோய். திசு அறிக்கையில் குடலுறிஞ்சி தேய்வு என்று வந்ததுமே சீலியாக் என்று முடிவுகட்டினால் காசநோயைக் கோட்டை விட்டுவிடும் அபாயம் உண்டு. ஆன்டிபாடியும் திசுவும் ஒன்றுக்கொன்று ஒத்துப் பேச வேண்டும்.

பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். இந்தப் பதிலில் ஒரு வரி மட்டும் நினைவில் இருக்கட்டும் என்றால் அது இதுதான். கோதுமை உள்ளே போகாவிட்டால் ஆன்டிபாடி இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கும், நோய் இருந்தும் நெகடிவ் வரும். ஏற்கனவே நிறுத்தியிருந்தால் தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு என்று ஆறு வாரமாவது உண்டுவிட்டுப் போக வேண்டும். தெற்கத்தியர்களான நமக்கு இதில் கூடுதல் சிக்கல்: “சாதாரணமாகத்தான் சாப்பிடுகிறேன்” என்பவரின் சாதாரணச் சாப்பாடு இட்லியும் சோறுமாக இருக்கலாம். மருத்துவரிடம் கோதுமை எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். டி.டி.ஜி.யோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்கச் சொல்லுங்கள் (ஐ.ஜி.ஏ. என்பது ஆன்டிபாடிகளில் ஒரு வகை). சீலியாக் உள்ளவர்களில் நூறில் இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ.வே சுரக்காது, அவர்களுக்கு இந்தச் சோதனை பொய்யாக நெகடிவ் காட்டும்.

உங்கள் தோழரின் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவரோடு உண்கிறவர் நீங்கள் என்பதால் சொல்கிறேன். சப்பாத்தி, பரோட்டா, சமோசாவை விடுவது அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் போவது பெருங்காயத்தில். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, பார்த்து வாங்க வேண்டும். சாம்பார், ரசம், மோர், எல்லாவற்றிலும் அது போகிறது. அடுத்தது மாவு மில். கேழ்வரகு நல்லது என்று வாங்கி, கழுவி, காயவைத்து எடுத்துப்போவார்கள். அதற்கு முன் யாரோ பத்து கிலோ கோதுமை அரைத்திருப்பார்கள். முதலில் வந்து விழும் மாவில் அந்தக் கோதுமை கலந்தே இருக்கும். வீட்டு மிக்சியிலோ, தனி அரவைக்கல்லிலோ அரைத்தால்தான் பத்திரம். ஓட்டலில் ஊத்தப்பம் கேட்டால் அதே கல்லில் சற்று முன் ரவா தோசை வார்த்திருப்பார்கள். இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா என்றால், வேண்டும். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் பழுதாகிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு பரோட்டாவில் சுமார் 4,000 மில்லிகிராம் இருக்கும், அதில் எண்பதில் ஒரு துண்டு போதும். பொட்டலத்தில் “குளூட்டன் இல்லாதது” என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடப் போனால் நூடுல்ஸ் மைதாவா என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் மைதாதான். சோயா சாஸிலும் கோதுமை உண்டு. மால்ட் கலந்த பானங்கள் பார்லியில் செய்தவை. இட்லி, பொங்கல், இடியாப்பம், ஆப்பம், மீன் குழம்புச் சோறு எல்லாம் இயல்பாகவே அவருக்கு ஆகும். காசிமேட்டு மீனை வறுக்கும்போது மைதா தூவாமல் இருந்தால் சரி. நோன்புக் கஞ்சி அரிசிதான், பக்கத்தில் வைக்கும் சமோசா கூடாது. ராயபுரத்தில் ஒரு பெண் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது நற்கருணை அப்பத்தைப் பற்றி. அது கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் குளூட்டன் மிகக் குறைவான அப்பத்துக்கு அனுமதி உண்டு, திராட்சை ரசத்தை மட்டும் பெறவும் வழி உண்டு. பங்குத் தந்தையிடம் பேசினால் ஏற்பாடு செய்வார்கள்.

சீலியாக்கோ கோதுமை அலர்ஜியோ இல்லாதவர்கள் குளூட்டன் இல்லாத பிஸ்கெட்டும் ரொட்டியும் வாங்குவதால் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை, விலைதான் கூடுதல். பரோட்டாவைக் குறைத்துக்கொள்ள உங்களுக்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, சீலியாக் அதில் ஒன்று அல்ல.

மருத்துவம் படிப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 2016 ஆய்வின் தெற்கத்திய எண் பெரியவர்களிடம் எடுத்தது, அவர்கள் சிறு வயதில் உண்ட உணவு இன்றைய பிள்ளைகளின் உணவு அல்ல. மேற்படிப்பு ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், மூன்று மாத மாத்திரைக்குப் பிறகும் ரத்தசோகை தீராத 12 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளை வடசென்னையின் அரசு மருத்துவமனைகளிலிருந்தே சேர்த்து, டி.டி.ஜி.யும் மொத்த ஐ.ஜி.ஏ.வும் பாருங்கள். தினசரிக் கோதுமை அளவைக் கிராமில் குறித்துக்கொள்ளுங்கள். பாசிடிவ் வந்த ஒருவரையும் விடாமல் எண்டோஸ்கோபி வரை அழைத்துப் போங்கள்.